பார்வை போனது, கணக்கு நிற்கவில்லை!

குட்டீஸ், ஒரு தீப்பெட்டியை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் முனைகள் 8, பக்கங்கள் 6, விளிம்புகள் 12. முனைகளையும் பக்கங்களையும் கூட்டி, விளிம்புகளைக் கழித்தால் 2 வரும். எகிப்து பிரமிடு வடிவத்துக்கும் இதேபோல் கணக்கிடுங்கள். 5 கூட்டல் 5 கழித்தல் 8. மறுபடியும் 2! 1750-ம் ஆண்டில் இந்த அதிசயத்தைக் கண்டறிந்தவர் கணிதமேதை லியோன்ஹார்டு ஆய்லர்.

ஆய்லர் 1707-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்தார். தந்தை பாதிரியார். மகனும் பாதிரியாராக வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆனால், சிறுவனின் கணிதத் திறமையைக் கண்ட பேராசிரியர் ஜோஹன் பெர்னூலி, தந்தையிடம் பேசி மனதை மாற்றினார். 20 வயதில் ஆய்லர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குப் போனார்.

அப்போது கோனிக்ஸ்பெர்க் நகரில் ஒரு புதிர் உலவியது. அங்கே ஆற்றின் மேல் 7 பாலங்கள். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை கடந்து, எல்லாப் பாலங்களிலும் நடக்க முடியுமா? ஆய்லர் பாலங்களின் நீள, அகலத்தைப் பார்க்கவே இல்லை. எது எதோடு இணைகிறது என்று மட்டும் பார்த்தார். ஓர் இடத்துக்குள் நுழைய ஒரு பாலம், வெளியேற இன்னொரு பாலம் வேண்டும். ஆனால் அங்கிருந்த 4 நிலப்பகுதிகளிலும் பாலங்கள் ஒற்றைப்படையில் இருந்தன. எனவே முடியவே முடியாது என்று நிரூபித்தார். 'இடத்தியல்' என்ற கணிதப் பிரிவுக்கு இதுவே விதை.

சுமார் 31 வயதில் அவரது வலது கண் பார்வை மங்கியது. 1766-க்குப் பிறகு இடது கண்ணும் கைவிட்டது. 1771-ல் வீடே தீப்பிடித்து எரிந்தது. உயிர் தப்பிய ஆய்லர் சோர்ந்து உட்காரவில்லை. மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டுச் சொல்ல, மகன்களும் மாணவர்களும் எழுதினார்கள். இப்படியே நூற்றுக்கணக்கான கட்டுரைகள் உருவாயின! 1783-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி அவர் மறைந்தார்.

அவரது விதி இன்றும் கட்டடக் கலைஞர்களுக்கு வழிகாட்டுகிறது. அறுகோணங்களை மட்டும் இணைத்து முழு உருண்டை செய்ய முடியாது என்று அந்த விதி சொல்கிறது. அதனால்தான் இங்கிலாந்தில் 2001-ல் திறக்கப்பட்ட ஈடன் திட்டத்தின் குமிழ்க் கூரைகளில், அறுகோணங்களுக்கு இடையே ஐங்கோணங்களும் உள்ளன.

கறுப்பு, வெள்ளைக் கால்பந்து கிடைத்தால் கறுப்பு ஐங்கோணங்களை எண்ணிப் பாருங்கள். சரியாக 12 இருக்கும்!