புயற்கரையில் ஒரு தனிப்பாய்

நீராவிக் கப்பல்கள் கடலை ஆளத் தொடங்கிய காலத்தில், பாய்க்கப்பல் ஓட்டுதலையே தொழிலாகக் கற்ற மாலுமிகள் பிழைப்பிழந்தனர். அவர்களுள் ஒருவர் யோசுவா சிலோக்கம். 1844இல் நோவா ஸ்கோஷியாவிற் பிறந்து, பெருங்கப்பல்களுக்குத் தலைவராயிருந்த அவருக்கு ஐம்பதாம் வயதை அணுகுகையில் எஞ்சியது, நண்பரொருவர் கொடுத்த உழுத்த தோணி ஒன்றே. அதுவும் வயலிற் கிடந்தது! 13 மாதம் தம் கையாலேயே உழைத்து, 37 அடிக்குச் சற்றுக் குறைந்த நீளமுடைய அந்த ஸ்பிரேயைப் புதுக்கினார்.

1895 ஏப்பிரில் 24ஆந் திகதி பொஸ்டனிலிருந்து தனியராய்ப் புறப்பட்டார். வழியில் ஒரு டொலருக்கு வாங்கிய தகரக் கடிகாரமே அவருக்குக் காலங்காட்டியது. முகப்பு உடைந்திருந்தமையால் விலையில் அரை டொலர் குறைத்துக் கொடுத்தார்களாம். நீந்தவும் அறியார்.

ஜிப்ரால்ட்டரில் தங்கி, கடற்கொள்ளையருக்கஞ்சி மேற்கே திரும்பியவர், 1896 தொடக்கத்திற் புவனஸ் அயர்ஸ் துறைமுகத்தை அடைந்தார். பன்னிரண்டாண்டுகளுக்கு முன், கப்பலிலேயே அவருடன் வாழ்ந்து மக்களைப் பெற்ற மனைவி வர்ஜீனியா உயிர்நீத்த ஊர் அது. தம் நூலில் அத்துயரை அவர் விரித்தாரல்லர். தெற்கே பாய் விரித்தார்.

மகலன் நீரிணை அவரை இரு மாதங்கள் அலைக்கழித்தது. மார்ச்சில் அதனைக் கடந்து பசிபிக் சமுத்திரத்தை எட்டிய மறுநாளே, வடமேற்குப் புயலொன்று ஹோர்ன் முனைப்புறமாகத் துரத்தியது. பாய்களை இறக்கி, வேகந்தணிய வடங்களைப் பின்னே இழுபடவிட்டு, நாட்கணக்காக ஓடினார். பின்னர் ஓரிரவு, பாறைகளில் அலையுடைந்து எங்கும் வெண்ணுரை பொங்கிய பரப்பினுள் அகப்பட்டார். கடலின் பால்வீதி என்று பெயர்பெற்ற அவ்விடத்தை டார்வினும் முன்னர்க் கண்டெழுதியுள்ளார். இரைச்சல் எழுந்த திசையை விலக்கித் தோணியைத் திருப்பித் திருப்பிச் செலுத்தியே சிலோக்கம் விடியலைக் கண்டார். கண்டதும் என்ன? மீண்டும் நீரிணைக்குள்ளே வந்திருந்தார். கடந்த வழியை மறுபடியும் கடக்கவேண்டியதாயிற்று.

இரவிலே தளத்திற் சிற்றாணிகளைப் பரப்பிவிட்டு உறங்கினார். வெறுங்காலுடன் ஏறிய தீவாசிகள் அலறிக் குதித்தோடினர். நகைச்சுவையாகப் பலரும் சொல்லும் கதை இது. ஐரோப்பியக் குடியேற்றத்தால் அழிந்துகொண்டிருந்த அம்மக்களின் தரப்பை நாம் கேட்டதில்லை.

ஏப்பிரிலிற்றான் பசிபிக் வழிவிட்டது. ஜுவான் பெர்னாண்டஸ் தீவு, சமோவாவில் ஸ்டீவன்சனின் இல்லம், கேப்டவுன், நெப்போலியன் சிறையிருந்த சென் ஹெலேனா ஆகியவற்றைக் கண்டு, 46,000 மைல் கடந்து, 1898 ஜூன் 27ஆந் திகதி நியூபோர்ட்டை அடைந்தார். உலகைத் தனித்துக் கடல்வழி சுற்றிய முதல் மனிதர் அவரே.

பின்னர் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் வீடும் நிலமும் வாங்கினார்; ஆயினும் மனம் அங்கே தரிக்கவில்லை. சட்டப்பதிவின்படி, 1909 நவம்பர் 14ஆந் திகதி அதே ஸ்பிரேயில் மறுபடியும் தனியராய்த் தெற்கே புறப்பட்டார். அவரும் மீளவில்லை, தோணியின் ஒரு பலகைதானும் கிடைக்கவில்லை.