கடிகாரம் தவறாத மனிதர் விசுவேசுவரய்யா

பெங்களூர் கே.ஆர். சர்க்கிளைக் கடந்து போகாத தமிழர் இருக்க முடியாது. ஆலைக்குப் போகிறவர், அரசாங்க அலுவலகங்களில் வேலை பார்க்கும் குமாஸ்தா, கட்டட வேலைக்குச் செல்லும் கொத்தனார், சித்தாள் எல்லோரும் தினமும் அந்த வழியாகத்தான் போய் வருகிறார்கள். அங்கே நிற்கும் என்ஜினீயரிங் கல்லூரி ஒரு மனிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கஸ்தூரிபா சாலைக்குப் போனால் அங்குள்ள தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கும் அவர் பெயர்தான். ஆண்டுதோறும் செப்டம்பர் 15-ந் தேதி இந்தியா முழுவதும் கொண்டாடப்படும் என்ஜினீயர்கள் தினமும் அவருடைய பிறந்த நாளே.

அவர்தான் சர். மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா.

அணை கட்டினார், திவானாக இருந்தார், பாரத ரத்னா பட்டம் பெற்றார் என்பது பலருக்கும் தெரியும். ஆனால், கையில் காசில்லாத ஒரு கிராமத்துப் பையன் அந்த உயரத்துக்கு எப்படிப் போனான்? அவருடைய வாழ்க்கையைப் புரட்டிப் பார்த்தால் மந்திரமோ மாயமோ எதுவும் இல்லை. ஒரு நாளும் விடாமல் கடைப்பிடித்த நாலைந்து பழக்கங்கள்தான் இருக்கின்றன.

நடந்து படித்த பையன்

பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில், நந்தி மலைக்கு அருகே, சிக்கபள்ளாப்பூர் பக்கத்தில் உள்ள சிற்றூர் முத்தேனஹள்ளி. அங்கேதான் அவர் பிறந்தார். தந்தை சீனிவாச சாஸ்திரி சம்ஸ்கிருதம் கற்றவர். செல்வம் சேர்த்தவர் அல்ல. தாயார் வெங்கடலட்சுமம்மா. மகன் பள்ளிப் படிப்பை முடிக்கும் முன்பே தந்தை காலமாகிவிட்டார்.

மேல்படிப்புக்காகப் பையன் பெங்களூர் வந்தான். தாய்மாமன் வீட்டில் சாப்பாடு. செலவுக்குப் பணம் வேண்டுமே! குடகு நாட்டைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். மாமன் வீடு ஒரு பக்கம், பாடம் சொல்லும் வீடு இன்னொரு பக்கம், சென்ட்ரல் கல்லூரி வேறொரு பக்கம். எல்லாம் கால்நடையாகத்தான்.

மூன்று இடத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் ஒவ்வொரு நாளையும் மணிக் கணக்காகப் பங்கு போட்டாக வேண்டும். வறுமை கற்றுக்கொடுத்த அந்தக் கணக்கை, வறுமை போன பிறகும் அவர் விடவில்லை.

1881-ம் ஆண்டு பி.ஏ. தேறினார். அப்போது சென்ட்ரல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததாக இருந்தது. என்ஜினீயரிங் படிக்கப் பூனாவுக்குப் போக வேண்டும். வீட்டில் வசதி இல்லை. மைசூர் சர்க்கார் உதவிச் சம்பளம் கொடுத்தது. அப்போது மைசூர் திவானாக இருந்த ரங்காச்சார்லு, செங்கற்பட்டுப் பகுதியில் பிறந்தவர்.

அந்த உதவியை அவர் வீணாக்கவில்லை. 1883-ல் நடந்த என்ஜினீயரிங் தேர்வில் முதல் மாணவராகத் தேறினார். மறு ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவி என்ஜினீயர் வேலை கிடைத்தது.

முதல் அடி

வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே ஓர் அடி விழுந்தது. கான்தேஷ் பகுதியில் பாஞ்சரா ஆற்றின் குறுக்கே குழாய் அமைத்துக் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டு போகும் வேலையை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. மழை நின்ற பிறகு செய்யலாம் என்று மேலதிகாரிக்கு எழுதினார். மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. இளம் என்ஜினீயர் வேலையைத் தட்டிக் கழிப்பதாக நினைத்துக் கடுமையாகப் பதில் எழுதிவிட்டார்.

இப்படி ஒரு கடிதம் வந்தால் இன்றும் பல ஊழியர்கள் மனம் உடைந்து போவார்கள். அல்லது பதிலுக்குப் பதில் எழுதிக் கொண்டிருப்பார்கள். விசுவேசுவரய்யா இரண்டையும் செய்யவில்லை. மழையோடு மழையாகத் திரும்பிப் போய் வேலையைத் தொடர்ந்தார். இரண்டு மாதத்தில் முடித்தும் கொடுத்தார். குறை எழுதிய அதிகாரியே பின்னர் பாராட்டினார்.

ஏற்றுக்கொண்ட வேலைக்குச் சாக்குச் சொல்வதில்லை என்ற வழக்கம் அன்று தொடங்கியது.

இருப்பதை வைத்துச் செய்தல்

சிந்து மாகாணத்தில் சுக்கூர் என்று ஒரு நகரம். இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. சிந்து நதிக் கரையிலேயே இருந்தும் அந்த ஊருக்கு நல்ல குடிதண்ணீர் இல்லை. ஆற்று நீர் சேறும் மணலுமாக வந்தது. வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகராட்சியிடம் பணம் இல்லை.

1890-களின் நடுவில் அந்த வேலை இவரிடம் வந்தது. பணம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கரையை ஒட்டி ஆற்றுப் படுகையிலேயே கிணறு வெட்டச் செய்தார். மணல் வழியாக ஊறி வந்த தண்ணீர் தானே தெளிந்து கிணற்றில் சேர்ந்தது. அதை இறைத்துக் குன்றின் மேல் உள்ள தொட்டியில் ஏற்றி ஊருக்குக் கொடுத்தார். ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பது வைகைக் கரையிலும் பாலாற்றங்கரையிலும் நம் தாய்மார்களுக்குப் பழக்கமான காரியம். அதே வழியில் ஒரு நகரத்துக்கே தண்ணீர் கொடுத்தார் அவர்.

பூனாவுக்கு அருகே கடக்வாஸ்லா அணையில் மழைக்காலத்தில் உபரி நீர் வழிந்து வீணாயிற்று. அணையை உயர்த்தாமலே கூடுதலாகத் தண்ணீரைத் தேக்க, தாமாகவே திறந்து மூடிக்கொள்ளும் கதவுகளை அமைத்தார். அதற்குக் காப்புரிமையும் பதிவாயிற்று. ஆனால் அதிலிருந்து ராயல்டி பணம் வாங்க அவர் சம்மதிக்கவில்லை. சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலைக்குத் தனியாகக் காசு வாங்குவது முறையல்ல என்பது அவர் எண்ணம்.

குறிப்புப் புத்தகமும் அகராதியும்

விடுமுறை கிடைத்தால் ஓய்வு எடுக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. 1898-ல் ஜப்பானுக்குப் போனார். அங்கே பள்ளிக்கூடங்களையும் தொழிற்சாலைகளையும் பார்த்தார். பின்னர் ஐரோப்பா, அமெரிக்கா என்று பல முறை போய் வந்தார். போன இடமெல்லாம் கண்டதையும் கேட்டதையும் குறித்து வைத்துக்கொள்வார்.

பேசுவதற்கு முன் எழுதிப் பார்ப்பது அவருடைய இன்னொரு வழக்கம். சின்னக் கூட்டமானாலும் பேச்சை எழுதி, திருத்தி, மறுபடி எழுதி வைத்துக்கொள்வார். ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் அகராதியைப் புரட்டாமல் விடமாட்டார். இவ்வளவு படித்தவருக்கு அகராதி எதற்கு என்று பார்த்தவர்கள் வியந்தார்கள். சந்தேகத்தோடு ஒரு சொல்லைக்கூட வெளியே விடக்கூடாது என்பது அவர் கொள்கை.

உடையிலும் அதே ஒழுங்கு. கோட்டு, டை, சரிகைத் தலைப்பாகை. முதுமையிலும், வீட்டுக்கு வந்தவர்களைப் பார்க்கக்கூட அவர் அலங்கோலமாக வந்தது கிடையாது. அளவான சாப்பாடு, தவறாத நடை, நேரத்துக்குத் தூக்கம். நீண்ட ஆயுளுக்கு அவர் மருந்து எதையும் நம்பவில்லை. இந்த மூன்றையும்தான் நம்பினார்.

வெள்ளையர் அல்லாதவர் பம்பாய் மாகாணத்தில் தலைமை என்ஜினீயராக முடியாத காலம் அது. இனி மேலே போக வழியில்லை என்று தெரிந்ததும் 1908-ல் அந்த வேலையை விட்டார். அங்கேயே உட்கார்ந்து புழுங்கிக் கொண்டிருக்கவில்லை. அந்த ஆண்டு மூசி நதி வெள்ளத்தில் ஐதராபாத் நகரம் அழிந்தது. வெள்ளத் தடுப்புத் திட்டம் வகுக்க அவரை அழைத்தார்கள். 1909-ல் மைசூர் சமஸ்தானம் அவரைத் தலைமை என்ஜினீயராக அழைத்துக்கொண்டது.

காவிரியில் எழுந்த அணை

கிருஷ்ணராஜசாகர் அணையின் நீர்மட்டம் 124.80 அடி என்பது தஞ்சாவூர் விவசாயிக்கும் மனப்பாடம். 1911-ல் தொடங்கிய அந்த அணைதான் விசுவேசுவரய்யாவின் பெயரை நிலைநிறுத்தியது.

அணைக்கு ஓர் அவசரம் இருந்தது. சேஷாத்திரி அய்யர் திவானாக இருந்தபோது திட்டமிடப்பட்ட சிவசமுத்திரம் மின் நிலையத்திலிருந்து 1902 முதல் கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் போயிற்று. கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் மின்சாரமும் குறையும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன ஆயிரக்கணக்கான தமிழர்கள் பூமிக்கு அடியில் பாடுபட்ட சுரங்கம் அது. 2001-ல் மூடப்படும் வரை அந்த வயலில் தமிழர் வியர்வைதான் சிந்தியது. அந்தச் சுரங்கங்களுக்குத் தடையில்லாமல் மின்சாரம் கொடுக்க அணை வேண்டியிருந்தது.

குறித்த நாளுக்குள் குறித்த உயரம் எழும்ப வேண்டும் என்று அட்டவணை போட்டார். ஆயிரக்கணக்கானவர்கள் இரவு பகலாக, விளக்கு வெளிச்சத்திலும் வேலை செய்தார்கள். சிமெண்டுக்குப் பதிலாகச் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் சேர்த்த சுர்க்கிக் காரையைப் பயன்படுத்தினார்கள். கடக்வாஸ்லாவில் வைத்த தானியங்கிக் கதவுகள் இங்கேயும் வந்தன.

கீழே உள்ள சென்னை மாகாணம் சும்மா இருக்கவில்லை. தஞ்சை டெல்டாவின் பாசனம் என்னாகும் என்று ஆட்சேபித்தது. வழக்கு நடுவர் வரை போயிற்று. கடைசியில் 1924-ல் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பிறகு மேட்டூர் அணை எழுந்து 1934-ல் முடிந்தது. காவிரிப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடவில்லை என்பதை இரண்டு மாநில மக்களும் அறிவார்கள்.

உறவினருக்கு விருந்து

1912-ல் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அவரைத் திவானாக நியமித்தார். பதவி ஏற்கும் முன் அவர் உறவினர்களை அழைத்து விருந்து வைத்ததாகச் சொல்வார்கள். வேலைக்கும் சிபாரிசுக்கும் தன்னிடம் வரக்கூடாது, அதற்கு ஒப்புக்கொண்டால்தான் இந்தப் பதவியை ஏற்பேன் என்று அங்கே சொல்லிவிட்டாராம்.

ஆறு ஆண்டுகளில் அவர் செய்தவை ஏராளம். 1913-ல் மைசூர் வங்கி, 1916-ல் மைசூர் பல்கலைக்கழகம், 1917-ல் பெங்களூர் என்ஜினீயரிங் கல்லூரி என்று ஒவ்வொன்றாக எழுந்தன. ஆபீசுகளில் வேலை எப்படி நடக்கிறது என்று சோதிக்கும் முறையையும் கொண்டு வந்தார். கோப்புகள் தூங்குவது அவருக்குப் பிடிக்காது.

ஒரு விஷயத்தில் காலம் அவரோடு போகவில்லை. பிராமணர் அல்லாதாருக்கு அரசாங்க வேலையில் இடம் ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கை மைசூரில் வலுத்தது. அதை ஆராய மகாராஜா 1918-ல் மில்லர் கமிட்டியை அமைத்தார். தகுதி ஒன்றையே பார்க்க வேண்டும் என்பது விசுவேசுவரய்யாவின் கருத்து. அந்த ஆண்டே பதவி விலகினார். சர்க்கார் காரில் அரண்மனைக்குப் போய் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு, சொந்தக் காரில் வீடு திரும்பினார் என்று சொல்வதுண்டு.

தன் பழக்கத்தால் உயர்ந்த மனிதருக்கு, எல்லோரும் அப்படியே உயரலாம் என்று தோன்றியிருக்கலாம். ஆனால் அவரையும் பூனாவுக்கு அனுப்பியது சர்க்காரின் உதவிச் சம்பளம்தான். நல்ல பழக்கம் மனிதனை வெகு தூரம் நடத்திச் செல்லும். முதல் படியில் கை கொடுக்கவும் யாராவது வேண்டும். அவர் வாழ்க்கையிலேயே இரண்டும் இருக்கின்றன.

ஓய்வு அறியாத முதுமை

பதவி போன பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. பத்ராவதி இரும்பாலை நஷ்டத்தில் தத்தளித்தபோது, 1923-ல் அதன் தலைவர் பொறுப்பை ஏற்றுச் சீர்ப்படுத்தினார். அந்த வேலைக்காகத் தமக்கு வர வேண்டிய பணத்தைக் கையில் வாங்காமல், இளைஞர்களுக்குத் தொழில் கற்றுத்தரும் நிலையம் அமைக்கக் கொடுத்தார். அதற்குத் தம் பெயரை வைக்கவும் சம்மதிக்கவில்லை. 1943-ல் தொடங்கிய அந்த நிலையம்தான் பெங்களூர் ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக். பெயர் மகாராஜாவுடையது, பணம் இவருடையது.

90 வயதைத் தாண்டிய பிறகு, பீகாரில் கங்கையின் மேல் எங்கே பாலம் கட்டலாம் என்று முடிவு செய்ய மத்திய அரசு அவரை அழைத்தது. நேரில் போய் ஆற்றைப் பார்த்துத்தான் யோசனை சொன்னார். மொகாமாவில் அந்தப் பாலம் 1959-ல் திறக்கப்பட்டது.

1955-ல் பாரத ரத்னா பட்டம் கிடைத்தது. பட்டம் கொடுத்ததற்காக அரசாங்கத்தைப் புகழ்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று பிரதமர் நேருவுக்கு முன்கூட்டியே எழுதினாராம். நேருவும் அப்படி எந்த எதிர்பார்ப்பும் இல்லை என்று பதில் அனுப்பினாராம்.

நூற்றாண்டு விழாவை உயிரோடிருந்து பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது. 1960-ல் அவர் படத்துடன் தபால் தலை வெளிவந்தது. 1962 ஏப்ரல் 14-ந் தேதி பெங்களூரில் காலமானார். பிறந்த முத்தேனஹள்ளியிலேயே அடக்கமான நினைவிடம் இருக்கிறது.

இன்று வேலை முடிந்து மாலைக் கல்லூரிக்கு ஓடும் குமாஸ்தாவுக்கும், ஷிப்டு முடிந்து கன்னடம் எழுதப் படிக்கக் கற்கும் தொழிலாளிக்கும் அந்த வாழ்க்கை சொல்வது ஒன்றுதான். அவர் ஒரே நாளில் அணை கட்டவில்லை. மாமன் வீட்டிலிருந்து கல்லூரிக்கு ஒரு நாளும் தாமதமில்லாமல் நடந்தார். பிறகு செய்ததெல்லாம் அந்த நடையின் தொடர்ச்சிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிக்கபள்ளாப்பூர் பக்கம் போகிறவர்கள் முத்தேனஹள்ளிக்கும் போய் வரலாம். பிள்ளைகளையும் கூட்டிப் போனால் நல்லது.