பூனையின் பெயரால் அழைக்கப்பட்ட நபித்தோழர்

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலித்து வரும் ஏக இறைவனாம் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தாருக்கு அருட்கொடையாக அனுப்பப்பட்ட அண்ணல் நபிகள் நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

ஜும்ஆ மேடையிலும் ஹதீஸ் மஜ்லிஸ்களிலும் நம் செவிகளில் மிக அதிகமாக விழும் நபித்தோழரின் பெயர் ஹளரத் அபூஹுரைரா (ரலி) என்பதாகும். அன்னார் வழியாகப் பதிவாகியுள்ள அறிவிப்புகளின் எண்ணிக்கை 5374 என ஹதீஸ் கலை அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். வேறெந்த நபித்தோழரும் இந்த எண்ணிக்கையை எட்டவில்லை. ஆயினும் நாள்தோறும் கேட்கும் அந்தப் பெயரின் பொருளை நம்மில் எத்தனை பேர் நின்று சிந்தித்திருப்போம்? அபூஹுரைரா என்றால் பூனைக்குட்டியின் தந்தை என்று பொருள்.

இப்பெயரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத முற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் முன்பு தோப்பும் வயலுமாக இருந்த இடங்களில் இன்று வீடுகளும் அடுக்குமாடிகளும் எழுந்துவிட்டன. போக்கிடமற்ற பூனைகள் பள்ளிவாசல் நிழலையும், செருப்பு வைக்கும் இடத்தையும், ஹவுளின் ஓரத்தையும் நாடி வருகின்றன. மனிதர்களிடம் பழகிய சில, தொழுது வெளியே வருவோரின் கால்களை உரசிக்கொண்டு நிற்கின்றன. அவை இருந்துவிட்டுப் போகட்டும் என்பாரும் உளர். கோணிப்பையில் கட்டி ஏதேனும் ஏரிக்கரையில் விட்டுவிட வேண்டும் என்பாரும் உளர். இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டத் தகுதியானவர், பூனையின் பெயரையே தம் பெயராகச் சுமந்த அந்த மாமனிதரன்றோ!

ஆடு மேய்த்த இளைஞர்

அன்னார் யமன் நாட்டுப் பக்கத்து தவ்ஸ் கோத்திரத்தைச் சேர்ந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தவர். தம் குடும்பத்தின் ஆடுகளை மேய்த்து வந்த காலத்தில் அன்னாரிடம் ஒரு சிறு பூனைக்குட்டி இருந்தது. இரவானால் அதனை ஒரு மரத்தில் பத்திரமாக வைப்பார்கள். பொழுது புலர்ந்ததும் எடுத்துச் சென்று மேய்ச்சல் நிலத்தில் அதனுடன் விளையாடுவார்கள். இதைக் கண்ட மக்கள் அபூஹுரைரா என அழைக்கத் தொடங்கினர். இச்செய்தி திர்மிதீ ஹதீஸ் நூலில் அன்னாரின் வாய்மொழியாகவே பதிவாகியுள்ளது. கண்டெடுத்த ஒரு பூனையைத் தம் சட்டையின் கைப்பகுதியில் வைத்துச் சுமந்து வந்ததால் இப்பெயர் வந்தது என்று மற்றோர் அறிவிப்பும் கூறுகிறது.

இரண்டு அறிவிப்புகளிலும் நாம் காண்பது ஒன்றே. தனக்கு எவ்வித இலாபமும் தராத ஒரு சிற்றுயிரை, இரவில் ஆபத்து வராமல் காப்பாற்றிப் பகலில் உடன் வைத்துக்கொண்ட இளகிய நெஞ்சம் அது. அப்போது அன்னார் இஸ்லாத்தில் நுழைந்திருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

மாற்றப்பட்ட பெயரும் மாற்றப்படாத பெயரும்

தவ்ஸ் கோத்திரத்தின் தலைவர்களுள் ஒருவரான ஹளரத் துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் அழைப்பை ஏற்று அன்னார் இஸ்லாத்தைத் தழுவினார்கள். ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு, கைபர் போர் நடந்த வேளையில், மதீனா வந்து சேர்ந்தார்கள். வரும் வழியில் அன்னாரின் அடிமை ஒருவர் காணாமற்போனார். பின்னர் மதீனாவில் அந்த அடிமை வந்து நின்றபோது, கிடைத்தாரே என்று பிடித்து வைத்துக்கொள்ளாமல், அந்த இடத்திலேயே அல்லாஹ்வுக்காக உரிமை விட்டார்கள்.

அன்னாரின் இயற்பெயர் குறித்துப் பல கருத்துகள் உண்டு. அறியாமைக் காலத்தில் சூரியனின் அடிமை எனப் பொருள்படும் அப்து ஷம்ஸ் என்று இருந்ததும், இஸ்லாத்திற்குப் பின் அப்துர் ரஹ்மான் என்றானதும் பரவலாக ஏற்கப்பட்ட கூற்றாகும். தவறான பொருளுள்ள பெயர்களை மாற்றியமைப்பது நபிகளாரின் வழக்கம். ஆனால் பூனைக்குட்டியின் தந்தை என்ற பெயரை அவர்கள் மாற்றவில்லை. மாறாக, அபூஹிர் என்று சுருக்கி, வாஞ்சையுடன் அழைத்து வந்தார்கள். படைப்பை வணங்கும் பொருள் கொண்ட பெயர் நீங்கியது. படைப்பின் மீது இரக்கம் காட்டியதால் வந்த பெயர் நிலைத்தது. இந்த ஒரு நிகழ்வில் ஓர் அறிவுரை முழுமையாக அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம்.

பசியை அறிந்த திண்ணைத் தோழர்

வீடும் வாசலும் இல்லாத ஏழை முஹாஜிர்கள் தங்கியிருந்த மஸ்ஜிதுன் நபவியின் திண்ணையே அன்னாரின் இருப்பிடமாயிற்று. மற்றவர்கள் சந்தைக்கும் தோட்டத்திற்கும் சென்றபோது, அன்னார் வயிற்றுக்குக் கிடைத்ததைக் கொண்டு திருப்தியடைந்து நபிகளாரை விட்டு அகலாதிருந்தார்கள். பல நாட்கள் அதுவும் கிடைக்காது. மிம்பருக்கும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறைக்கும் இடையே பசியால் மயங்கி விழுந்து கிடப்பார்கள். காண்போர் பைத்தியம் பிடித்தவர் என்று எண்ணுவர். பிடித்திருந்ததோ பசி மட்டுமே.

ஒருநாள் பசி தாங்காமல் பாதையோரம் அமர்ந்து, அவ்வழியே வந்த ஹளரத் அபூபக்ர் (ரலி), ஹளரத் உமர் (ரலி) ஆகியோரிடம் ஓர் ஆயத்தைப் பற்றிக் கேட்டார்கள். விளக்கம் பெறுவது நோக்கமன்று. வீட்டிற்கு அழைத்துச் சென்று உணவளிக்க மாட்டார்களா என்ற ஏக்கமே காரணம். அவர்கள் அதை உணராது கடந்து சென்றனர். பின்னர் வந்த அண்ணலார் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் புன்னகைத்து உடன் அழைத்துச் சென்றார்கள். வீட்டில் ஒரு கிண்ணம் பால் இருந்தது. திண்ணைத் தோழர்கள் அனைவரையும் அழைத்து வரப் பணித்தார்கள். நமக்கு எதுவும் மிஞ்சாதே என்று அன்னாரின் உள்ளம் கவலையுற்றது. அழைக்கப்பட்டோர் அனைவரும் வயிறாரப் பருகினர். அன்னாரும் இனி இடமில்லை எனும் அளவுக்குப் பருகினார்கள். இறுதியாகவே நபிகளார் அருந்தினார்கள்.

வாய் திறந்து கேட்க இயலாத ஒருவரின் பசியை முகத்திலேயே படித்தறிந்தார்கள் அண்ணலார். வாயில்லாப் பிராணியும் அவ்வாறே நம் முகத்தைப் பார்த்து நிற்கிறது என்பதை அன்னாரின் வரலாற்றைப் படிப்போர் மறக்கலாகாது.

அன்னையின் பிள்ளை

அன்னாரின் தாயார் நெடுநாள் இஸ்லாத்தை ஏற்காதிருந்தார். ஒருநாள் அவர் நபிகளாரைப் பற்றித் தகாத சொல் கூற, அன்னார் அழுதவாறு அண்ணலாரிடம் சென்று தாயாரின் நேர்வழிக்காகத் துஆச் செய்யுமாறு வேண்டினார்கள். துஆவைப் பெற்று வீடு திரும்பியபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே நீரின் ஓசை கேட்டது. குளித்து உடையணிந்து கதவைத் திறந்த தாயார் கலிமாவை மொழிந்தார். சற்றுமுன் துக்கத்தால் அழுத அன்னார் இப்போது மகிழ்ச்சியால் அழுதவாறு மீண்டும் அண்ணலாரிடம் ஓடினார்கள். தாயையும் மகனையும் முஃமின்களின் நேசத்திற்குரியவர்களாக ஆக்குமாறு அப்போது கேட்கப்பட்ட துஆவின் பலனே, இன்றும் நம் உள்ளங்களில் அன்னார் மீதுள்ள அன்பாகும்.

அன்னார் அறிவித்துச் சென்றவை

நபிகளாரின் துஆவினால் மறதி நீங்கப்பெற்ற அன்னாரின் நினைவாற்றல், உயிரினங்கள் மீதான இரக்கம் பற்றிய பல அறிவிப்புகளை நமக்குப் பாதுகாத்துத் தந்துள்ளது. தாகத்தால் நாக்குத் தொங்க ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் முகந்து வந்த மனிதர் மன்னிக்கப்பட்ட செய்தி அன்னார் வழியாக வந்தது. அவ்வாறே நாய்க்கு நீர் புகட்டிய பாவியான பெண்ணின் பிழை பொறுக்கப்பட்ட செய்தியும் அன்னார் அறிவித்ததே. பூனையை அடைத்து வைத்து, உணவும் தராமல், பூமியின் சிற்றுயிர்களைத் தின்று பிழைத்துக்கொள்ளவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த செய்தியை ஹளரத் இப்னு உமர் (ரலி) அவர்களுடன் அன்னாரும் அறிவித்துள்ளார்கள். பசியென்றால் என்னவென்று தம் உடலால் அறிந்தவரின் நாவிலிருந்து இவை வெளிப்பட்டபோது, கேட்டவர்கள் எவ்வளவு உருகியிருப்பர்!

ஹளரத் அபூகதாதா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியும் இங்கு நினைவுகூரத் தக்கது. ஒளூச் செய்ய வைத்த நீரைக் குடிக்க ஒரு பூனை வந்தபோது, அது வசதியாகக் குடிக்கும் வரை பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து நோக்கிய மருமகளிடம், பூனை அசுத்தமன்று, அது நம்மைச் சுற்றி வருவனவற்றில் ஒன்று என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். நம் வீட்டுப் பணியாளர்களையும் சிறுவர்களையும் குறித்து அந்நூர் அத்தியாயத்தின் 58-ஆம் வசனம் பயன்படுத்தும் அதே சொல்வகை இங்கும் வந்திருப்பது சிந்திக்கத்தக்கது. பூனை வாய் வைத்த நீர் ஷாஃபிஈ மத்ஹபில் தூய்மையானது. ஹனஃபீ மத்ஹபில் வேறு நீர் இருக்கையில் அதனைத் தவிர்ப்பது சிறந்தது. ஆயினும் அது அசுத்தமன்று. பூனையின் சிறுநீரும் மலமும் அசுத்தம் என்பதில் இரு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடில்லை.

நபிகளாரின் ஆடை மீது உறங்கிய பூனைக்காக அவர்கள் ஆடையின் கைப்பகுதியை வெட்டியதாகக் கூறப்படும் கதை ஆதாரப்பூர்வமான ஹதீஸ் நூல்களில் இல்லை. ஸஹீஹான செய்திகளே தாராளமாக இருக்கையில், ஆதாரமற்றதைச் சொல்ல வேண்டிய அவசியம் நமக்கில்லை.

பதவியிலும் பணிவு

ஹளரத் உமர் (ரலி) அவர்கள் அன்னாரை பஹ்ரைனின் ஆளுநராக நியமித்தார்கள். அங்கிருந்து பொருளுடன் திரும்பியபோது கலீஃபா கடுமையாகக் கணக்குக் கேட்டார்கள். பின்னர் மீண்டும் பதவியை ஏற்குமாறு அழைத்தபோது அன்னார் மறுத்துவிட்டார்கள். பிற்காலத்தில் மதீனாவின் பொறுப்பு ஆளுநராக இருந்த நாட்களில், விறகுக் கட்டைத் தாமே முதுகில் சுமந்து கடைவீதியில் சென்றதை மக்கள் கண்டனர். ஒரு காலத்தில் வயிற்றுச் சோற்றுக்காகப் புஸ்ரா பின்த் கஸ்வான் என்ற பெண்மணியிடம் கூலியாளாக இருந்த அன்னார், பின்னர் அவரையே மணமுடித்தார்கள். அன்னாரும் துணைவியாரும் பணியாளரும் இரவை மூன்றாகப் பங்கிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து வணங்கி வந்தனர்.

ஏறத்தாழ 78 வயதில் அன்னார் மதீனாவில் மறைந்தார்கள். ஹிஜ்ரி 57, 58, 59 என ஆண்டு குறித்து மூவகைக் கருத்துகள் உள்ளன. ஜன்னத்துல் பகீஃ அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

நமது கடமை

அன்னார் காட்டிய வழியைப் பின்வந்தோரும் பேணினர். எகிப்தை 1260 முதல் 1277 வரை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் ஆதரவற்ற பூனைகளுக்காக ஒரு தோட்டத்தையே வக்ஃபு செய்ததாக வரலாறு கூறுகிறது. நம்மிடம் தோட்டம் இல்லை. ஒரு கிண்ணம் வைக்க இடமுண்டு.

தொழுமிடத்தின் தூய்மை காக்கப்பட வேண்டியது கட்டாயம். எனவே பூனைகளுக்கான நீரும் உணவும் பள்ளியின் பின்புறம், ஹவுளுக்கும் தொழுமிடத்திற்கும் எட்டத்தில், குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் வைக்கப்படட்டும். அவ்விடத்தைத் தூய்மை செய்யும் பொறுப்பை, உணவு வைப்பவரே ஏற்கட்டும். பிரியாணி எச்சத்தைக் கொட்ட வேண்டாம். வெங்காயம் பூனைக்கு நஞ்சாகும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிப்பதில்லை. உப்பும் காரமும் சேர்க்காமல் வேகவைத்த மீனோ, முள் நீக்கிச் சோற்றுடன் பிசைந்ததோ போதுமானது. கத்திரி வெயில் காலத்தில் உணவைவிட நீரே முதல் தேவை. நோயுற்ற பூனையைக் கண்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவிவிட்டுத் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும். பிள்ளைகளுக்கு இதைக் கற்பித்து வைப்பது பெற்றோர் பொறுப்பு.

கோணிப்பையில் கட்டித் தொலைவில் விடுவதைப் பற்றி ஒரு சொல். மனிதர் வைக்கும் உணவுக்குப் பழகிய பூனை, அறியாத இடத்தில் நாய்களுக்கு இரையாகும். அல்லது பட்டினியால் மடியும். தான் வளர்க்கும் பிராணியைப் பட்டினியால் வாடும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமாகும். சட்டத்தின் அச்சத்தைவிட, அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்த அந்தப் பெண்ணின் முடிவு நம்மைத் தடுக்க வேண்டும்.

ஆடு மேய்த்த ஓர் இளைஞர் ஒரு குட்டிப் பூனையை இரவில் மரத்தில் ஏற்றி வைத்தார். 1400 ஆண்டுகள் கடந்தும், உலகின் மூலைமுடுக்கெல்லாம் ஹதீஸ் ஓதப்படும்போது அந்தப் பூனையின் பெயராலேயே அவர் நினைவுகூரப்படுகிறார். சிறிதெனக் கருதி நாம் கைவிடும் நன்மைகளில் எது அல்லாஹ்விடம் நம் பெயராக எழுதப்படும் என்பதை யாரறிவார்?

வல்ல அல்லாஹ் அன்னாரின் அந்தஸ்தை உயர்த்துவானாக! படைப்புகள் மீது இரக்கம் கொள்ளும் உள்ளத்தை நமக்கும் நம் சந்ததியினருக்கும் வழங்கி அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.