இலக்கை நோக்கி ஏவிய மருந்து

ஐதராபாத்து நகரம் மருந்துத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. இங்கு வாழும் மாணவர்களாகிய நீங்கள் ஒன்றை எண்ணிப் பார்த்ததுண்டா? நோவு கால்விரலில் இருந்தாலும் நாம் விழுங்கும் மாத்திரை குருதியில் கலந்து உடல் முழுவதும் பரவுகிறது. நோயுற்ற இடத்தை மட்டும் தேடிச் சென்றடையும் மருந்தை ஆக்க இயலுமா? இன்றைய மருத்துவ உலகின் பெரும் வினாக்களுள் இதுவும் ஒன்று. இதற்கு விடை தேடும் வழிகளுள் ஒன்றுக்கு அடித்தளம் இட்டவர், தெலுங்கு மண்ணில் பிறந்து சென்னையில் கல்வி பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

அவர் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். இளமையில் வறுமை அவரை வாட்டியது. பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோல்வியுற்றார். மனம் தளராது சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை வென்றார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்ததால் பேராசிரியர் ஒருவரின் சினத்துக்கு ஆளானார். அதனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கைகூடாமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிட்டியது.

உண்ட உணவின் சத்து உடலில் சேராமல் செய்யும் ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் அவருடைய உடன்பிறந்தார் இருவரின் உயிரைப் பறித்தது. மருத்துவம் கற்றிருந்தும் அவர்களைக் காக்க இயலவில்லையே என்னும் துயரம் அவர் நெஞ்சில் நிலைத்தது. அத்துயரமே ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று.

1920களில் அமெரிக்கா சென்ற சுப்பாராவ், மருத்துவமனையில் இரவு நேர எளிய பணிகளைச் செய்துகொண்டே ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்குப் பிஸ்க் என்னும் அறிஞருடன் இணைந்து, உடலிலுள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. பற்றிய ஆய்விலும் அவர்தம் பங்கு பெரிது. எனினும் அங்கு அவருக்கு நிலையான பதவி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அங்கு அவர் வழிநடத்திய குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அவ்வமிலம் ஸ்ப்ரூ நோய்க்கும் மருந்தாயிற்று. உடன்பிறந்தாரைக் காக்க இயலாதவர், அதே நோயுற்ற பிறரைக் காக்க வழிகண்டார்.

உயிரணு பெருகுவதற்குப் போலிக் அமிலம் இன்றியமையாதது. புற்றுநோய் அணுக்களோ கட்டின்றிப் பெருகுபவை. உருவில் அவ்வமிலத்தை ஒத்து, பயனில் அதற்கு மாறான பொருளைக் கொடுத்தால் அப்பெருக்கம் தடைப்படும். அவ்வாறு அவருடைய குழு உருவாக்கிய அமினோப்டெரினைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி பார்பர், இரத்தப் புற்றுநோயால் வாடிய குழந்தைகளுக்கு அளித்தார். 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் சில காலம் தணிந்ததாக 1948 சூன் திங்களில் அவர் அறிவித்தார். அதுவரை அந்நோய்க்கு எம்மருந்தும் பயன் தந்ததில்லை. இவ்வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது. யானைக்கால் நோய்க்கான மருந்தும் சுப்பாராவின் ஆய்வகம் அளித்த கொடையே.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. வேகமாகப் பெருகும் நல்ல அணுக்களையும் அம்மருந்து தாக்கியது. வாய்ப்புண்ணும் குருதிக் குறைவும் நோயாளரை வருத்தின. அம்பு கூரியதே, ஆனால் பகையையும் நட்பையும் பிரித்தறியவில்லை. அக்குறையைக் களையும் பணி பின்வந்தோர்க்கு உரியதாயிற்று. 1948 ஆகஸ்டில், தம் 53ஆம் அகவையில், சுப்பாராவ் நியூயார்க்கில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

பின்வந்த ஆய்வாளர் போலிக் அமிலத்தையே வழிகாட்டியாகக் கொண்டனர். சிலவகைப் புற்றணுக்களின் மேற்பரப்பில் அவ்வமிலத்தைப் பற்றி ஈர்க்கும் ஏற்பிகள் மிகுதியாக உள்ளன. மருந்தை மீநுண் துகளில் அடைத்து, அதன் புறத்தே போலிக் அமிலத்தை இணைத்தால், கடிதத்தின்மேல் எழுதிய முகவரிபோல் அது வழிகாட்டும். புற்றணு அதனை உணவென ஏற்று மருந்தையும் உட்கொள்ளும். சிறுநீரகத்தின் நல்ல அணுக்களிலும் அவ்வேற்பிகள் இருப்பதால் குறி இன்னும் முழுமை பெறவில்லை. அதனை முழுமையாக்கும் ஆய்வு தொடர்கிறது.

மும்முறை தேர்வெழுதிய மாணவர் தொடங்கிய பணி அது. அதனை நிறைவு செய்வோர் உங்களுள்ளும் இருக்கலாம்.

பயிற்சி

1. சுப்பாராவை ஆராய்ச்சிக்குத் தூண்டிய நிகழ்வு யாது?
2. அமினோப்டெரின் புற்றணுக்களின் பெருக்கத்தை எவ்வாறு தடுக்கிறது?
3. மருந்துக்கு முகவரி தேவைப்படுவது ஏன்? ஐந்து தொடர்களில் எழுதுக.