விருதுக்குப் பெயர் தந்தவர்

அரிச்சந்திரன் கதையை மாணவர்க்குக் கற்பிக்குந்தோறும், அதனைத் திரையிலேற்றிய பெருமகனார் ஒருவரை யான் நினைப்பதுண்டு. இந்தியத் திரைப்படக் கலையின் தந்தை எனப் போற்றப்படும் தாதாசாகேப் பால்கே என்பாரே அவர்.

1870 ஆம் ஆண்டு ஏப்பிரல் 30 ஆம் நாள், நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில், வடமொழி வல்ல அந்தணர் ஒருவரின் மைந்தராய் அவர் பிறந்தார். பம்பாயிலும் பரோடாவிலும் ஓவியம் முதலிய கலைகளைப் பயின்றார். கோத்ராவிலே புகைப்படத் தொழில் நடத்துங்கால், கொள்ளைநோய் அவர்தம் மனைவியையும் குழந்தையையும் கவர்ந்து சென்றது. பின்னர்ச் சரசுவதி என்னும் நங்கையை மணந்தார். அச்சுத்தொழிலில் ஈடுபட்டு அதனையும் துறந்தார்.

நாற்பது வயதளவில், ஏசுநாதர் வரலாற்றைக் காட்டும் படமொன்றைப் பம்பாயிற் கண்டார். நம் புராணங்களையும் அவ்வாறே திரையில் உயிர்பெறச் செய்யும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. ஆயுட் காப்புறுதியை ஈடுவைத்துப் பணம் பெற்று, 1912 இல் இலண்டன் சென்று, படப்பிடிப்புக் கருவி வாங்கி மீண்டார். பட்டாணி முளைத்துச் செடியாகும் காட்சியைப் படமாக்கிக் காட்டிப் பொருளுதவி தேடினார். அதுவும் போதாதாக, இல்லாளின் அணிகலன்களும் அடகுக்குச் சென்றன.

சரசுவதி அம்மையார் அணிகளை மட்டுமோ ஈந்தார்? படக்குழுவினர் அனைவர்க்கும் சோறு சமைத்தார். வெயிலிலே வெண்துகில் பிடித்து நின்று, நடிப்போர் மீது ஒளி பாய்ச்சினார். படச்சுருளின் ஓரத்தில் துளையிடுதலையும், அதனை மருந்திட்டுக் கழுவுதலையும் கற்றுச் செய்தார். பெண்டிர் நடிக்க முன்வராமையின், உணவுச்சாலைச் சமையற்காரரான சாளுங்கே அரசியாக வேடம் பூண்டார். பால்கேயின் மைந்தன் பாலச்சந்திரன் அரசிளங்குமரன் ஆனான். இவ்வாறு உருவான "ராஜா அரிச்சந்திரா" 1913 ஆம் ஆண்டு மே 3 ஆம் நாள் பம்பாய்க் கொரனேசன் அரங்கிலே வெளிவந்தது.

1917 இல் வெளியான "லங்கா தகனம்" பெரும்பொருள் ஈட்டித் தந்தது. எனினும், பேசும்படம் வந்தபின் பால்கேயின் காலம் மங்கிற்று. 1937 இல் வெளிவந்த "கங்காவதரணம்" அவரது இறுதிப் படமாயிற்று. 1944 ஆம் ஆண்டு பெப்ரவரி 16 ஆம் நாள், வறுமையுற்ற நிலையில் நாசிக்கில் உயிர்நீத்தார்.

இந்தியாவின் தேசியத் திரைப்பட விருதுகள் 1954 இல் தொடங்கின. அவற்றின் தலையாய விருதுக்குப் பால்கேயின் பெயர் சூட்டப்பட்டது 1969 இலேதான். நடிகை தேவிகா ராணி அதனை முதலிற் பெற்றார். நடிகர் திலகம் சிவாஜி கணேசனும் பின்னாளிற் பெற்றார். உயிரோடிருந்தபோது உதவாத புகழ், மறைந்து கால் நூற்றாண்டு கழிந்தபின் வந்தெய்தியது.

தாமதித்தேனும் பால்கேக்குப் பெயர் நிலைத்தது. சரசுவதி அம்மையாரின் பெயரோ அவ்விருதில் இல்லை. அரிச்சந்திரன் வாய்மையைக் காத்தான் என்று புகழ்கின்ற நாம், அவனுடன் துயருழந்த சந்திரமதியை மறப்பதில்லை. பால்கேயின் வரலாற்றைக் கூறும் ஆசிரியரும், துளையிட்ட அக்கரங்களையும் சேர்த்தே கூறுதல் முறையாகும்.