வீட்டு வரி ரசீதில் ஒளிந்திருக்கும் நூலகர்: யார் இந்த எஸ்.ஆர்.ரங்கநாதன்?

சென்னையில் சொந்த வீடு இருப்பவர்கள் அரையாண்டுக்கு ஒரு முறை மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்டுகிறார்கள். அதற்குள் நூலக வரி என்று ஒரு தொகையும் சேர்ந்தே போகிறது. ரூபாய்க்கு 10 பைசா கணக்கு. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. வாடகைக்கு இருப்பவர்களும் தப்ப முடியாது, வீட்டுக்காரர் அதையும் சேர்த்துத்தானே வாடகையை நிர்ணயிக்கிறார்!

அண்ணா சாலையில் எல்.எல்.ஏ. பில்டிங் எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர் முதல் அரங்கக் கூட்டங்களுக்குப் போகிறவர் வரை யாரும் வழி சொல்வார்கள். தேவநேயப் பாவாணர் பெயரிலான மாவட்ட மைய நூலகம் இருக்கும் கட்டிடம் அது. அந்த மூன்று எழுத்துகள் ஏதோ ஆளின் பெயர்ச் சுருக்கம் இல்லை. லோக்கல் லைப்ரரி அத்தாரிட்டி, அதாவது உள்ளூர் நூலக ஆணைக்குழு என்பதன் சுருக்கம்.

அந்த வரி, இந்த ஆணைக்குழு, தெருமுனையில் காலையில் பேப்பர் படிக்கப் பெரியவர்கள் காத்திருக்கும் கிளை நூலகம் எல்லாமே ஒரே சட்டத்தில் இருந்து வந்தவை. அந்தச் சட்டத்துக்காக ஏறக்குறைய 20 ஆண்டுகள் விடாமல் அலைந்தவர் சீர்காழி இராமாமிர்தம் ரங்கநாதன். இத்தனைக்கும், நூலகர் வேலையே வேண்டாம் என்று ஆரம்பத்தில் ஓடப் பார்த்தவர் அவர்.

கணக்கு வாத்தியார்

அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துச் சீர்காழியில் 1892-ல் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்து முதுகலைப் பட்டம் வாங்கினார். பேச்சு திக்கும். அதையும் மீறி ஆசிரியர் பயிற்சி முடித்து மங்களூர், கோவை அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்திவிட்டு, சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

ஆசிரியர் சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. அந்த நேரம் பார்த்துச் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவிக்கு ஆள் தேடியது. நண்பர்கள் வற்புறுத்தவே விண்ணப்பித்தார். நூலகப் படிப்பு படித்தவரில்லை, நூலகம் நடத்திய அனுபவமும் கிடையாது. ஆனாலும் வேலை கிடைத்துவிட்டது. 1924 ஜனவரியில் சேர்ந்தார்.

சேர்ந்த சில நாட்களிலேயே வெறுத்துப் போய்விட்டார். வகுப்பு நிறைய மாணவர்களைப் பார்த்துப் பழகியவருக்கு, ஆளே வராத அறையில் தனியாக உட்கார்ந்திருப்பது தாங்கவில்லை. பழைய வேலைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கல்லூரிக்கு நடையாய் நடந்தார். லண்டனுக்குப் போய் நூலகத் துறையைப் படித்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

கிராய்டனில் பார்த்தது

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ். இவர் வெறும் பேராசிரியர் இல்லை. லண்டனை ஒட்டிய கிராய்டன் நகரத்துப் பொது நூலகங்களின் தலைமை நூலகர். ரங்கநாதனை அங்கேயே வேலை பழக வைத்தார். பிரிட்டனின் வேறு பல நூலகங்களையும் ரங்கநாதன் சுற்றிப் பார்த்தார்.

செல்ஃப்ரிட்ஜ் கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்ததும், புத்தகங்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறைக்கான பொறி தட்டியது என்பது எல்லோரும் சொல்லும் கதை. உண்மைதான். ஆனால், சாதாரண ஜனங்களைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய விஷயம் அவர் அங்கே நகர நூலகங்களில் கண்டது.

சென்னையில் நூலகம் என்றால் படித்தவர்கள் போகும் இடம். புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். அங்கேயோ பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி இடம், வேலை முடிந்து வரும் தொழிலாளிக்கும் வீட்டுப் பெண்களுக்கும் புத்தகம், பேட்டைக்குப் பேட்டை கிளை. அலமாரிக்குப் பக்கத்தில் போய் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

இதற்கெல்லாம் பணம்? எந்தப் பிரபுவின் தயவும் இல்லை, உள்ளூர் வரிதான். 1850-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. நகரசபை வரியோடு பவுனுக்கு அரைப் பென்னி நூலகத்துக்கு என்று தொடங்கி, 1855-ல் ஒரு பென்னி ஆக்கினார்கள். 1919-ல் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். நன்கொடையை நம்பி நிற்கும் நூலகம் கொடுத்தவர் காலத்தோடு முடிந்துபோகலாம். ஊர் வரியில் நடக்கும் நூலகம் ஊர் இருக்கும்வரை நடக்கும். கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபட்டது.

1925-ல் சென்னைக்குத் திரும்பியவர், அப்புறம் கல்லூரிப் பேச்சையே எடுக்கவில்லை. பல்கலைக்கழக நூலகத்தின் அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். ஞாயிறு, பண்டிகை பார்க்காமல் உழைத்தார். 1928-ல் முதல் மனைவி ருக்மிணி இறந்துபோனார். அடுத்த ஆண்டு சாரதாவைத் திருமணம் செய்துகொண்டவர், தாலி கட்டிய அன்று மதியமே வேலைக்குப் போய்விட்டாராம். சாரதா அம்மாள் அதற்கு என்ன சொன்னாரோ!

அரையணாவுக்கு 20 ஆண்டு

1928-ல் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு. 1931-ல் அவரது புகழ்பெற்ற ஐந்து விதிகள் புத்தகமாக வந்தன. நூல்கள் பயன்படுவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலும் தன் வாசகரைச் சேர வேண்டும், வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது, நூலகம் என்பது வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். அவ்வளவுதான். கேட்க எளிமைதான். ஆனால், ஒவ்வொரு வாசகருக்கும் என்பதை நிஜமாகவே செய்யப் போனால், எழுதப் படிக்கத் தெரிந்த கடைசி ஆள் வசிக்கும் தெரு வரைக்கும் நூலகம் போயாக வேண்டும். அதே 1931-ல் மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போன நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான்.

வண்டி எத்தனை நாளைக்கு ஓடும்? நிரந்தர வருமானம் வேண்டும். அதற்குச் சட்டம் வேண்டும். 1930-ல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். 1933-ல் பஷீர் அகமது சயீத் அதையொட்டி ஒரு மசோதாவைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. ஜனங்கள் மேல் இன்னொரு வரியா என்ற கேள்விக்கு முன்னால், படிப்பகத்துக்காக வாதாட அரசியலில் ஆள் குறைவு.

ரங்கநாதன் 1945-ல் பல்கலைக்கழகப் பணியை விட்டு காசிக்கும், பிறகு டெல்லிக்கும் போய்விட்டார். ஆனால், வரைவைக் கைவிடவில்லை. 1946-ல் கல்வி அமைச்சரானவர் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார். அவர் காது கொடுத்துக் கேட்டார். 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. கோலாப்பூர் சமஸ்தானம் 1945-லேயே ஒரு நூலகச் சட்டம் போட்டிருந்தது. ஆனால், சுதந்திர இந்தியாவில் இதுதான் முதல்.

சட்டம் சொன்னது இதுதான். சென்னை நகரத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று உள்ளூர் நூலக ஆணைக்குழு. சொத்து வரியில் ரூபாய்க்கு அரையணா நூலக வரி. வசூலிப்பது மாநகராட்சியும் நகராட்சியும் பஞ்சாயத்தும், ஆனால் பணம் ஆணைக்குழுவுக்குச் சேர்ந்துவிட வேண்டும். சாலைக்கோ சாக்கடைக்கோ அதைத் திருப்ப முடியாது. கன்னிமாரா நூலகம் 1950-ல் மாநில மைய நூலகமானது.

இதில் சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. மாவட்ட ஆணைக்குழுக்களுக்கு, வசூலான வரிக்கு ஈடாக அரசும் பணம் தர வேண்டும் என்றது 1948 சட்டம். சென்னை நகரத்துக்கு அந்த ஏற்பாடு இல்லை. பெரிய நகரம், சொத்து அதிகம், சமாளித்துக்கொள்ளும் என்ற எண்ணம் போலிருக்கிறது. ஆக, சென்னையின் கிளை நூலகங்கள் முக்கியமாகச் சென்னைவாசிகளின் வீட்டு வரியில் நடப்பவை. மாநகராட்சி அந்தத் தொகையைத் தாமதமாகக் கொடுத்தால், நூலகத்தில் புதுப் புத்தகம் வருவதும் தாமதமாகும்.

ரங்கநாதன் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. நூலகத் துறையை நூலகம் தெரிந்தவர் நடத்த வேண்டும் என்பது அவரது பிடிவாதம். சட்டப்படி பொறுப்பு கல்வித் துறை இயக்குநரிடம் போனது. தனி இயக்ககம் அமைந்தது 1972-ல்தான். அவர் பெங்களூரில் காலமானதும் அதே ஆண்டு செப்டம்பர் 27-ல்.

இடையில் 1957-ல் பத்மஸ்ரீ, 1965-ல் தேசிய ஆய்வுப் பேராசிரியர் என்று கௌரவங்கள் வந்தன. வாழ்நாள் சேமிப்பான ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் பேராசிரியர் பதவிக்கென்று எழுதிக் கொடுத்தார், மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து. அவர் பிறந்தநாளாகப் பதிவாகியிருக்கும் ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் தினம். அன்றைக்குக் கிளை நூலகங்களில் அவர் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள். உறுப்பினராவதற்கு அடையாள அட்டையும் சிறு தொகையும் இருந்தால் போதும், வரியைத்தான் ஏற்கெனவே கட்டிவிட்டீர்களே.