எம்டன் காப்டன் முல்லர்

துணிவும் தந்திரமும் மிக்கவனை ‘எம்டன்’ என்றழைப்பது தமிழ்நாட்டு வழக்கு. அப்பெயர் தாங்கிய ஜெர்மானியக் கப்பலை நடத்தியவர் எத்தகையவர் என்பதை நம்மவரிற் பலர் அறியார்.

கார்ல் வான் முல்லர் 1873-ம் வருஷம் ஹானோவர் நகரிற் பிறந்தார். கடற்படையிற் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து, 1913-ல் எம்டனின் தலைவரானார். 1914-ல் மகாயுத்தம் மூண்டதும் வங்கக் கடலுட் புகுந்தார். மூன்று புகைபோக்கிகளோடு பொய்யாக நான்காவதொன்றையும் நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல்போலத் தோன்றச் செய்தார். இரண்டு மாதங்களில் இருபதுக்கு மேற்பட்ட வர்த்தகக் கப்பல்களைப் பிடித்தார். ஆயினும், மாலுமிகளை அப்புறப்படுத்தாமல் அவற்றில் எதனையும் அவர் மூழ்கடித்தாரில்லை. பிடிபட்ட கபிங்கா என்ற கப்பலை விடுவித்து, அம்மாலுமிகளை அதிலேற்றிக் கரைக்கு அனுப்பினார்.

செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசினார். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் இரண்டு பற்றியெரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்னும் வர்த்தகக் கப்பல் அடிபட்டும் மூழ்காது தப்பிற்று. எனினும் அதில் உயிர்ச்சேதம் நேர்ந்தது. ஜனங்கள் ஆயிரக்கணக்கில் நகரைவிட்டு ஓடினர். கடலுக்கு அதிபதி தானே என்றிருந்த சாம்ராஜ்யத்தின் காவல் எத்தகையது என்பதை அந்த அரைமணி நேரம் காட்டிவிட்டது.

நவம்பர் 9-ல், ஆஸ்திரேலியத் துருப்புக் கப்பல்களுக்குக் காவலாக வந்த சிட்னி என்னும் போர்க்கப்பல், கொக்கோஸ் தீவருகே எம்டனை நொறுக்கியது. வீரர் 130 பேருக்கு மேல் மாண்டனர். முல்லர் சிறைப்பட்டு மால்டாவிலும் பின்னர் இங்கிலாந்திலும் வைக்கப்பட்டார். அவர் சிறையிலிருக்கையிலேயே, 1917-ல், அவருடைய அரசாங்கம் நீர்மூழ்கிகளை வரம்பின்றி ஏவி, வர்த்தகக் கப்பல்களை எச்சரிக்கையுமின்றி மூழ்கடிக்கத் துணிந்தது. போர்க்கப்பல்களின் துணையோடு வர்த்தகக் கப்பல்கள் கூட்டமாகச் செல்லும் முறை அவ்வபாயத்தாலேயே பரவலாயிற்று. முல்லர் காத்த நெறி அத்துடன் கடலுள் ஆழ்ந்தது. 1923-ல் அவரும் காலமானார்.

செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்ற கதை நம்மிடையே உலவுகிறது, அதற்கு ஆதாரமில்லை. அந்நியன் குண்டை நம்முடையதாக்கிக் கொள்ளும் ஆசையே அக்கதைக்கு வேர். பகைவனுக்குப் பகைவன் என்பதால் மட்டும் ஒருவன் நமக்கு நண்பனாகிவிடான். சென்னையில் மாண்டவர்களை நாம் மறத்தலாகாது. ஆனால், கையில் ஆயுதமற்றவனைக் கொல்லாமலும் யுத்தம் செய்யலாம் என்று கடலில் காட்டியவர் அவர். அப்பெருமையை அவருக்கு மறுப்பதும் நியாயமன்று.